ஏழு மணி நேர வெளிச்சம்

மீட்டரில் 493 என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால். மூன்றாம் எண் அறுவை அரங்கில் நானும் அந்த இயந்திரமும் மட்டும்தான். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்தபடியே அறுத்தெடுக்கும் முறைக்கு ஒளி கொடுக்கும் பெட்டி அது. அதற்குள் இருக்கிற விளக்கு ஐந்நூறு மணி நேரம் எரியும் என்று செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அணையலாம், சில சமயம் வெடிக்கவும் செய்யும். மாற்று விளக்குக்கு எழுதிப்போட்டு மூன்று மாதமாகியும் தலைநகர் துனிஸிலிருந்து வந்தபாடில்லை. ஆக, மிச்சம் ஏழு மணி நேரம். அன்றைய அறுவைக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். வியாழக்கிழமை அறுவைக்கும் அதே ஐந்து. வியாழக்கிழமை அந்த மேசையில் படுக்கப்போகிறவள் என் மனைவி நஜ்வா.

நான் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, விளக்கை எடுத்து, துணியில் சுற்றி, என் நீலச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை. ஸ்ஃபாக்ஸ் நகரில் அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். நான் ஒன்று ஓடும் என்றால் ஓடும், ஓடாது என்றால் ஓடாது. யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

டாக்டர் ஹேலா எட்டு மணிக்கு வந்தார். பிரான்சில் போய் இந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்த பெண் மருத்துவர். எங்கள் ஊரில் அதைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

"லம்ஜெத் அண்ணே, என்ன சொல்றீங்க? நேத்து சாயங்காலம் எரிஞ்சுச்சே!"

"நேத்து எரிஞ்சுது டாக்டர். இன்னிக்குப் போயிடுச்சு."

"வேற விளக்கு?"

"எங்க இருக்கு? நாலு தடவை எழுதிட்டேன்."

அவர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் வீசினார். துனிஸில் இருக்கும் அதிகாரிகளின் தாய், தகப்பன், ஏழு தலைமுறை எல்லோரையும் இழுத்துத் திட்டினார். பிறகு சுவரோரமாக நின்று யோசித்தார். நோயாளி கெர்கென்னா தீவிலிருந்து கப்பலில் வந்தவள். ஏற்கெனவே ஒருமுறை நாள் தள்ளிப்போயிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் புற்று, ஆரம்பக் கட்டம்தான். ஆனால் விளக்கு வரும்வரை அது காத்திருக்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது? "சரி, வயித்தைத் திறந்தே பண்ணிடலாம். பழைய மாதிரி" என்றார். அந்தப் 'பழைய மாதிரி'யை அவர் சொன்ன விதத்தில், யாரோ ஒருத்தியிடமிருந்து எதையோ பிடுங்குகிறோம் என்ற வருத்தம் இருந்தது. பிடுங்கியவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வெளியே நடைவழியில் தள்ளுகட்டிலில் அவள் படுத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். வெயிலில் கறுத்த முகம், உப்புநீரில் வெளிறிய விரல்கள். செய்தி எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. போகிற வருகிற தாதிகளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், ஒருத்தியும் நிற்கவில்லை. என் கையில் திருப்புளியைப் பார்த்ததும் எட்டிச் சட்டையைப் பிடித்தாள்.

"தம்பி, மெஷினு சரியாயிடுமா? அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை என் மவளுக்குக் கல்யாணம். ஓட்டை போட்டாக்க நாலு நாள்ல வீட்டுக்குப் போலாம்னாங்க."

அவள் பிடித்திருந்த இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே, உள்பையில், விளக்கு இருந்தது.

"சரியாகாதுக்கா" என்றேன். அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

நஜ்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கிரெம்தா சாலையில் ஐந்தாம் கிலோமீட்டரிலிருந்து பன்னிரண்டாம் கிலோமீட்டர்வரை ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் கற்றவர்கள். "ஊரையே ஓட்ட வெச்சேன், என் புருஷன் மட்டும் இன்னும் மொபெட்ல போறான்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் அதே புற்றுதான். அது தெரிந்த அன்றுகூட அவள் அழவில்லை. திறந்து அறுப்பார்கள் என்று ஒரு வயதான டாக்டர் சொன்னபோதுதான் அழுதாள். அவள் அம்மா வயிற்றில் அறுவை நடந்து, தையல் பிரிந்து, ஏழு வாரம் சீழும் நாற்றமுமாகக் கிடந்து செத்துப்போனாள். பதினாறு வயதில் கட்டு மாற்றியது நஜ்வாதான். "என்னைக் கிழிக்க விடாத லம்ஜெத். செத்தாலும் பரவால்ல, கிழிக்க விடாத" என்றாள். நான் வாக்குக் கொடுத்தேன். டாக்டர் ஹேலா நான்கு துளைகள் என்று விரலை மடக்கிக் காட்டியபோது, என் மனைவி அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அந்த முத்தத்துக்குப் பிறகு மீட்டரைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிப்போனது.

வியாழக்கிழமை காலையில், மூடிக்கிடந்த பழைய கிடங்கில் ஒரு விளக்கு கிடைத்தது என்று சொல்லி அதே விளக்கை மாட்டினேன். மீட்டரைச் சுழியத்துக்குத் திருப்பினேன். டாக்டர் ஹேலா என் தோளைத் தட்டி, "நீங்க இல்லேன்னா இந்த ஆஸ்பத்திரி இல்லண்ணே" என்றார். ஐந்து மணி நேரம் அந்த வெளிச்சம் ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புது விளக்கு பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. அதுவரை வந்த எல்லா அறுவைகளுக்கும் அந்தப் பழைய விளக்குதான் எரிந்தது. கழற்றும்போது மீட்டர் 71 காட்டியது, பழையதோடு சேர்த்தால் 564. அப்போதும் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும், இவளுக்கும் இருந்திருக்கும்.

இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டார்கள். அது யாருடைய திட்டமும் இல்லை, அந்த மாடியில் காலியாக இருந்தது அந்த அறைதான். நஜ்வா இரண்டாம் நாள் எழுந்து ஜன்னல்வரை நடந்தாள். மஹ்பூபாவால், அந்தத் தீவுக்காரியின் பெயர் அதுதான், தும்மக்கூட முடியவில்லை. தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டுதான் இருமுவாள். ஆனாலும் வாய் ஓயாது. "ஸ்ஃபாக்ஸ்காரியளுக்கு எல்லாத்துலயும் சிக்கனம் பாரு. வயித்த அறுக்கறதுலகூட நாலே நாலு பொட்டு" என்பாள். நஜ்வா சிரித்து, தையல் வலித்து, இன்னும் சிரிப்பாள். நான் ஆரஞ்சுச் சாறு இரண்டு புட்டியாக வாங்கிப் போவேன். மஹ்பூபாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிவைத்தேன், உடைந்திருந்த அவள் போன் சார்ஜரைச் சரிசெய்து கொடுத்தேன். "உன் வூட்டுக்காரன் தங்கம்டி" என்று அவள் நஜ்வாவிடம் சொல்வதை வெளியே நின்று கேட்டிருக்கிறேன்.

எட்டாம் நாள் அவள் தையலில் சீழ் கோத்தது. நஜ்வா அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாண நாளன்று இனிப்பு வாங்கிக்கொண்டு மஹ்பூபாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள், கூட்டிப்போனேன். தீவிலிருந்து யாரோ போனில் கூப்பிட்டுத் தாளத்தையும் குலவையையும் கேட்கவைத்தார்கள். மஹ்பூபா போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, வலிக்கிற வயிற்றோடு, தானும் குலவையிடப் பார்த்தாள். சத்தம் பாதியில் நின்றுபோயிற்று. நஜ்வா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லித் தேற்றினாள். நான் கதவருகிலிருந்து நடைவழிக்கு வந்து, எந்தப் பழுதும் இல்லாத ஒரு மின்விசிறியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

இரண்டு வருஷம் நல்லபடியாகப் போயிற்று. நஜ்வா மறுபடி காரில் ஏறினாள். நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கல்லைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தால் அதன் கனம் பழகிவிடுகிறது. அவள் கலகலப்பாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம், பெரிய வெட்டில்லாமல் காப்பாற்றிவிட்டோம், அது போதும் என்று நினைத்துக்கொள்வேன். மஹ்பூபாவும் பிழைத்துத்தானே இருக்கிறாள் என்றும்.

ஒரு ஜனவரி மாதம் டாக்டர் ஹேலா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வழக்கமான சோதனைக்கான நாள் அது இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல், நாற்காலியை இழுத்து நஜ்வாவின் முழங்காலுக்கு அருகில் போட்டுக்கொண்டார்.

"வெளிநாட்டுல பெரிய ஆராய்ச்சி ஒண்ணு பண்ணியிருக்காங்க. இந்த நோய்க்கு, திறந்து பண்ணவங்களையும் துளை போட்டுப் பண்ணவங்களையும் பக்கத்துல வெச்சு வருஷக்கணக்காப் பார்த்திருக்காங்க. துளை போட்டதுதான் நல்லதுன்னு வரும்னு எல்லாரும் நெனச்சோம். வரல. திறந்து பண்ணவங்கள்ல நூத்துக்கு மூணு நாலு பேருக்கு நோய் திரும்பியிருக்கு. துளை போட்டவங்கள்ல பதிமூணு பதினாலு பேருக்கு." அவர் குரல் இறங்கியது. "ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. நான்தான் உங்களுக்கு இதைச் சொன்னேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். இனிமே இந்த நோய்க்கு அப்படிப் பண்ண மாட்டேன். நான் அப்படிப் பண்ண எல்லாரையும் கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கறேன்."

நஜ்வாவின் முகம் திடீரென்று மலர்ந்தது.

"அப்போ மஹ்பூபா தப்பிச்சா! அந்த விளக்கு போனதுல தப்பிச்சா, பாருங்க டாக்டர்!"

"ஆமா. அன்னிக்கு நான் எவ்வளவு கத்தினேன், இல்லண்ணே?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன். அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்கலாம். தன் தவறைத் தானே கூப்பிட்டுச் சொல்கிற ஒரு பெண்ணுக்கு எதிரே, தவறு என்று தெரிந்தே செய்தவன் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் இடுப்புக்குள் ஒரு கட்டி தெரிந்தது, பாதாம் பருப்பின் அளவு. கதிர்வீச்சு, மருந்து, மறுபடி கதிர்வீச்சு. அந்த நோன்பு மாதம் முழுக்க அவள் வாந்தியெடுத்தாள். பெருநாளன்று எங்கள் ஊர் வழக்கமான உப்புமீனும் திராட்சைக் குழம்பும் வீடெல்லாம் மணத்தபோது ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இடது கால் வீங்கிக் கிளட்சை அழுத்த முடியாமல் போயிற்று. அதனால் நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. "கழுதைக்குக்கூட இதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பேன்" என்பாள். மூன்றாம் முறை தேறினேன்.

அந்தக் கோடையில் மஹ்பூபா எங்களைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கயிற்றில் கோத்த காய்ந்த கணவாய்கள் இரண்டு மாலை, ஒரு புட்டி நெத்திலி ஊறுகாய். நெடுநேரம் நஜ்வாவின் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். போகும்போது வாசலில் என்னை நிறுத்தினாள்.

"டாக்டரம்மா எல்லாம் சொன்னாங்க தம்பி. எங்க தீவு தர்காவுல போயி மெழுகுவத்தி ஏத்தினேன். இவ பேருக்கு ஒண்ணு, உன் பேருக்கும் ஒண்ணு."

"எனக்கு எதுக்குக்கா?"

"அன்னிக்கு அத்தினி பேரு ஓடினாங்க. நீதான நின்னு பதிலு சொன்ன."

அவள் போன பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நஜ்வா கதவைத் தட்டி, "தண்ணிக்கு பில்லு யாரு கட்டறது? நீ எந்த ஊர்க்காரன்?" என்றாள்.

அக்டோபரில் சிகிச்சைக்கு ஓர் இடைவெளி விட்டார்கள். அடுத்த ஸ்கேன்வரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். நஜ்வா, தீவுக்குப் போக வேண்டும், வந்தவளைத் திருப்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்துக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். அவள் வழியெல்லாம் மஹ்பூபாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா லம்ஜெத், எனக்கு அவ மேல பொறாமை இல்ல. சத்தியமா. அந்த விளக்கு அவ நாள்ல அணையாம என் நாள்ல அணைஞ்சிருந்தா நான்… அப்படியெல்லாம் ராத்திரி யோசிப்பேன்தான். அப்புறம் நெனப்பேன், யாரோ ஒருத்தியாவது தப்பிச்சாளே. படைச்சவன் எதோ கணக்குல அணைச்சான்."

"படைச்சவன் அணைக்கல" என்றேன். "விளக்கு போகவே இல்ல. நான்தான் கழட்டினேன்."

அவளுக்குப் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். மீட்டர், உள்பை, கிடங்கு என்று சொன்ன பொய், 71. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் சொல்ல முடிந்தது. கடைசி வாக்கியம் முடியுமுன் கார் முன்பக்கமாகக் குலுங்கி நின்றது. அவள் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருந்தாள், அந்த வீங்கிய காலால். பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிட்டது. ஓட்டுநர் எங்களைத் தாண்டும்போது என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

தனக்கு நேர்ந்ததைப் பற்றித்தான் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். எனக்காகச் செய்தாயே என்பாள், இல்லை எனக்கு இப்படிச் செய்துவிட்டாயே என்பாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"கல்யாணத்தன்னிக்கு அவ போனைக் காதுல வெச்சிக்கிட்டு அழுதாளே" என்றாள் நஜ்வா. "நான் கையைப் புடிச்சிட்டு என்ன சொன்னேன், தெரியுமா? 'விதிக்கா, யாரு என்ன பண்ண முடியும்'னு சொன்னேன். நீ கதவுக்கிட்ட நின்னுட்டு இருந்த. என்னைச் சொல்ல விட்டு நின்னுட்டு இருந்த."

"நஜ்வா…"

"நான் உன்னை அதைக் கேட்டேனா?"

"கிழிக்க விடாதன்னு…"

"என்னைக் கிழிக்க விடாதன்னு சொன்னேன். அவளைக் கிழின்னா சொன்னேன்?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "ஓட்டு" என்றாள்.

"எங்க?"

"கப்பலுக்கு. நேரமாச்சு."

ஒன்றேகால் மணி நேரப் பயணம். எல்லோரும் மேல்தளத்துக்கு ஏறிப் போனார்கள். அவள் காரைவிட்டு இறங்கவில்லை. நான் இறங்கிக் கம்பியைப் பிடித்தபடி நின்று, கண்ணாடிக்குள் அவள் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக்குப் பிறகு முளைத்த முடி, சுருள்சுருளாக, புதிதாக இருந்தது. தீவில் காரை இறக்கி வடமுனைக்குப் போகும் ஒற்றைச் சாலையில் திரும்பியதும்தான் பேசினாள். "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி சொல்லு."

மஹ்பூபா வீட்டுக்குப் பின்புறம் கடலோரப் பாறையில், பிடித்துவந்த கணவாயைக் கல்லில் ஓங்கி அடித்து மிருதுவாக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து ஓடிவந்து நஜ்வாவின் கன்னங்களில் முத்தமிட்டாள். "ஏ புள்ள, தல எல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி சுருண்டு கெடக்கு!" என்று சிரித்தாள். மகளும் மருமகனும் ரம்லா சந்தைக்குப் போயிருந்தார்கள். காப்பி வைக்கிறேன் என்று உள்ளே திரும்பினாள்.

"அக்கா" என்றேன். "ஒரு விஷயம் சொல்லணும்."

நின்றபடியே சொன்னேன். காரில் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது. நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் தூக்கித் திரிந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. அதனால்தான் நீங்கள் பிழைத்தீர்கள் என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். அதை விழுங்கினேன். அன்று அவளுக்காக நான் எதையும் செய்யவில்லை.

மஹ்பூபா பாவாடையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"எரியும்னு தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்க்கா."

"நான் உன் சட்டையப் புடிச்சிட்டுக் கேட்டப்ப எங்க இருந்துச்சு அது?"

நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அந்த இடத்தையே பார்த்தாள்.

"எம் மவ கல்யாணத்துக்கு நான் மருதாணிகூட வெச்சி விடல" என்றாள். பிறகு, "நெசமாத்தான் கேக்குறேன், அந்த மெழுகுவத்திய நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றாள்.

அவள் நஜ்வாவின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

"இன்னிக்குத்தான். கார்ல வரும்போது."

மஹ்பூபா தலையசைத்தாள். கணவாயை எடுத்து வாளியில் போட்டாள், வாளியைப் பாறை இடுக்கில் செருகினாள். "கால் எப்பிடி வீங்கிக் கெடக்கு பாரு. வா, தண்ணியில நிக்கலாம். குளுந்து இருக்கும்" என்று நஜ்வாவின் கையைப் பிடித்தாள். நஜ்வா செருப்பைக் கழற்றிப் பாறைமேல் வைத்தாள்.

எங்கள் பக்கத்துக் கடல் அப்படித்தான், எவ்வளவு தூரம் போனாலும் ஆழம் வராது. இருவரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார்கள். கணுக்கால், பிறகு முழங்கால், அதற்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. மீன்வேலிக்கு நட்ட பேரீச்ச மட்டைகளையும் தாண்டிப் போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவள் நின்றாள், பிறகு நடந்தாள். நான் பாறையிலிருந்து இறங்கித் தண்ணீரின் ஓரத்துக்கு வந்து, ஷூ நனையும் இடத்தில் நின்றேன். அவ்வளவு தூரத்தில், யார் யாரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. இரண்டு கறுப்புக் கோடுகளாக அவர்கள் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.